கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் ஆர்எஃப்பை அடக்குவது எப்படி

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் பேசத் தொடங்கியதும் மைக்கின் உலோக விளிம்பு உதட்டில் சுரீரென்று சுடுகிறது. எஃப்டி8-இல் (கணினி வழி டிஜிட்டல் மோடு) பவரைக் கூட்டினால் கணினியின் யுஎஸ்பி இணைப்பு அறுந்துபோகிறது. கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நிலையலை விகிதம்) மாறுகிறது. இரண்டு மீட்டர் கேபிளைக் கூடுதலாகச் சேர்த்தால் வேறொரு எண் காட்டுகிறது. ரிசீவரில் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டு முழுக்க இரைச்சல். தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும் இவற்றுக்குப் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் ஷீல்டில், அதாவது உலோகப் பின்னலின் வெளிப்பரப்பில், அங்கே இருக்கவே கூடாத ஆர்எஃப் (ரேடியோ அலைவெண்) மின்னோட்டம் ஓடுகிறது. ஹாம் வட்டாரத்தில் இதைக் காமன் மோட் கரண்ட் என்பார்கள்.

கடையில் கிடைத்த நாலு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) கவ்விகளை வாங்கிக் கேபிளில் மாட்டிவிட்டு இதைத் தீர்த்துவிட்டதாக நினைப்பதுதான் பரவலான தவறு. சரியான ஃபெரைட், சரியான சுற்று எண்ணிக்கை, சரியான இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன் வரும். பலன் வந்ததா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரே கேபிளில் மூன்று கடத்திகள்

நேர்மின்னோட்டத்துக்குக் கோஆக்ஸ் இரண்டு கடத்திகள் கொண்டது. ஆர்எஃப்புக்கு மூன்று. நடுக்கம்பி ஒன்று, ஷீல்டின் உட்பரப்பு இரண்டு, ஷீல்டின் வெளிப்பரப்பு மூன்று. 7 மெகாஹெர்ட்ஸில் செம்பின் மேற்பரப்பிலிருந்து சுமார் 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே மின்னோட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதனால் ஷீல்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு தனிக் கம்பிகளாக நடந்துகொள்கின்றன.

கேபிளுக்கு உள்ளே நடுக்கம்பியிலும் ஷீல்டின் உட்பரப்பிலும் சமமான, எதிர்த்திசை மின்னோட்டங்கள் ஓடுகின்றன. இவற்றின் புலம் வெளியே வராது. சிக்கல் தொடங்குவது ஃபீட் பாயிண்ட்டில், அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேருமிடத்தில். உட்பரப்பு வழியாக வந்த மின்னோட்டம் ஷீல்டின் விளிம்புக்கு வந்ததும் அதற்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று டைபோலின் (இரு கைகள் கொண்ட கம்பி ஆன்டெனா) ஒரு கை. இன்னொன்று ஷீல்டைச் சுற்றி வளைந்து அதன் வெளிப்பரப்பில் இறங்கும் வழி. எந்த வழியில் இம்பீடன்ஸ் (ஆர்எஃப்புக்கு எதிரான தடை, ஓமில்) குறைவோ அந்த வழியில் அதிகம் பாயும். அதாவது கோஆக்ஸ் நாம் கேட்காமலே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகிவிடுகிறது.

ரிசீவிங்கிலும் இதே கதைதான், திசை மட்டும் தலைகீழ். வீட்டிலுள்ள ஸ்விட்சிங் பவர் சப்ளை, எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் கக்கும் இரைச்சல் கோஆக்ஸின் வெளிப்புறம் வழியாக ஏறி, ஃபீட் பாயிண்ட்டில் உள்ளே புகுந்து, சிக்னலோடு கலந்து ரேடியோவுக்குத் திரும்பி வருகிறது.

கேபிள் நீளமும் ஓடும் வழியும்

ரேடியோ பக்கம் கேபிள் எர்த் செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபீட் பாயிண்ட்டிலிருந்து எர்த் வரை உள்ள நீளம் அரை அலை அல்லது அதன் மடங்காக இருந்தால் வெளிப்பரப்பின் இம்பீடன்ஸ் மேல்முனையில் மிகக் குறைவாகும். மின்னோட்டம் தாராளமாக இறங்கும். கால் அலையின் ஒற்றைப்படை மடங்குகளில் இம்பீடன்ஸ் உச்சத்தில் இருக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 21 மீட்டர் மோசமான நீளம். 10.5 அல்லது 31.5 மீட்டர் நல்ல நீளம்.

இங்கே பலரும் சறுக்குவது வெலாசிட்டி ஃபேக்டரில் (ஒளிவேகத்தில் அலை எத்தனை பங்கு வேகத்தில் போகிறது என்ற எண்). ஆர்ஜி-58-க்கு 0.66 என்ற எண் கேபிளின் உள்ளே பயணிக்கும் அலைக்கு உரியது. வெளிப்பரப்பு ஏறக்குறைய காற்றில் தொங்கும் கம்பிக்குச் சமம். மேலுறையால் அது சில சதவீதம் மட்டுமே குறையும். 0.66-ஐப் பெருக்கி நீளம் வெட்டினால் கணக்கு முழுக்கத் தவறும். பல பேண்டுகளில் இயங்கும் ஆன்டெனாவுக்கு எல்லாப் பேண்டுக்கும் நல்ல நீளம் என்று ஒன்று கிடைக்கவும் கிடைக்காது. ஆகவே நீளத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்வாக நம்ப வேண்டாம்.

வழி இன்னும் முக்கியம். டைபோலிலிருந்து கேபிள் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். கால் அலை தூரமாவது அப்படி இறங்கினால் நல்லது. ஒரு கைக்கு அடியில் சாய்வாக ஓடும் கேபிளில் அந்தக் கை காந்தப்புலம் வழியாகவே மின்னோட்டத்தைத் தூண்டும். ஃபீட் பாயிண்ட்டில் எவ்வளவு நல்ல சோக் (வெளிப்பரப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போட்டாலும் அதற்குக் கீழே தூண்டப்படும் மின்னோட்டத்தை அது தடுக்காது.

எத்தனை ஓம் வேண்டும்

1944-இல் பொறியாளர் குவானெல்லா விவரித்த 1:1 கரண்ட் பாலனும் (சமச்சீர் ஆன்டெனாவைக் கோஆக்ஸோடு இணைக்கும் கருவி), கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றிச் செய்யும் காமன் மோட் சோக்கும் அடிப்படையில் ஒன்றுதான். உள்ளே ஓடும் சமநிலை மின்னோட்டங்களை அது தொடுவதில்லை. வெளிப்பரப்பில் ஓடுவதற்கு மட்டும் குறுக்கே நிற்கிறது.

சமச்சீரான டைபோலுக்கு 1000 ஓம் என்பது அடிமட்டம். 3000 முதல் 5000 ஓம் வரை இலக்கு வையுங்கள். எண்ணைப் போலவே அதன் தன்மையும் முக்கியம்: அது கெப்பாசிட்டர் போலவா (கெப்பாசிட்டிவ்), சுருள் போலவா (இண்டக்டிவ்), ரெசிஸ்டர் போலவா (ரெசிஸ்டிவ்) என்பது. கேபிள் வெளிப்பரப்பின் இம்பீடன்ஸ் ஒரு பேண்டில் 600 ஓம் கெப்பாசிட்டிவ் என்று கொள்வோம். அதில் 600 ஓம் இண்டக்டிவ் சோக்கைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சோக் இல்லாதபோது ஓடியதைவிட அதிக மின்னோட்டம் ஓடும். அதே இடத்தில் 800 ஓம் ரெசிஸ்டிவ் சோக் இருந்தால் மொத்தம் 1000 ஓம் ஆகும். எந்தக் கேபிள் நீளமாக இருந்தாலும் ரெசிஸ்டிவ் தடையைக் கழிக்க முடியாது. பிவிசி குழாயில் கோஆக்ஸைச் சுற்றிச் செய்யும் காற்றுக்கரு சோக் ஏன் ஒரு வீட்டில் பிரமாதமாகவும் அடுத்த வீட்டில் உதவாமலும் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். அது கிட்டத்தட்ட முழுக்க இண்டக்டிவ்.

ரெசிஸ்டிவ் என்றால் சூடாகுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சோக்கின் குறுக்கே 100 வோல்ட் காமன் மோட் அழுத்தம் இருக்கிறது. சோக் 500 ஓம் என்றால் 0.2 ஆம்பியர் ஓடும், 20 வாட் சூடாக மாறும். 5000 ஓம் என்றால் 0.02 ஆம்பியர், வெறும் 2 வாட். சூடாகும் சோக்குக்கு மருந்து இன்னும் அதிக ஓம். சோக் சூடாகிறதே என்று சுற்றுகளைக் குறைப்பவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள்.

ஃபெரைட் தேர்வு

எச்எஃப்புக்கு (சிற்றலைப் பேண்டுகளுக்கு) நடைமுறையில் நம்பகமானது எஃப்டி240 அளவு வளையம். வெளிவிட்டம் 61 மில்லிமீட்டர், உள்விட்டம் 35.5, உயரம் 12.7. கலவைதான் கேள்வி.

31 கலவை 1.8 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை மிக நல்ல ரெசிஸ்டிவ் தடை தரும். அதற்கு மேலும் பயன்படும். 43 கலவை 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும். 20 மீட்டருக்கு மேலுள்ள பேண்டுகளுக்கு மட்டும் என்றால் 52 கலவை பொருந்தும். 61 கலவை எச்எஃப்பின் பெரும்பகுதியில் இண்டக்டிவாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது நல்லது, இந்த வேலைக்கு வேண்டாம்.

சிவப்பு அல்லது மஞ்சள் வண்ணம் பூசிய இரும்புத்தூள் வளையங்களை ஃபெரைட் என்று நினைத்து வாங்குவது அடிக்கடி நடக்கிறது. சிவப்பு டி200-2 வளையத்தில் 12 சுற்று சுற்றினால் 7.1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 77 ஓம்தான் தேறும். சோக் வேலைக்கு அது அறவே ஆகாது.

ஒரே முறை கேபிள் நுழையும் கவ்வி ஃபெரைட் எச்எஃப்பில் சில பத்து ஓம் முதல் நூற்றுச் சொச்சம் ஓம் வரைதான் தரும். தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், ஒரு பெரிய வளையத்தில் 10 சுற்று என்பது தாழ்ந்த அலைவெண்களில் அதே வளையங்கள் 100-ஐக் கேபிளில் வரிசையாகக் கோத்ததற்குச் சமம். சுற்றுகளைக் கூட்டிப் பணத்தைச் சேமியுங்கள்.

எத்தனை சுற்று

கீழே உள்ளவை ஆர்ஜி-58 அல்லது ஆர்ஜி-400 தடிமனுள்ள கேபிளுக்கான தொடக்க எண்கள். கேபிள் வளையத்தின் துளைக்குள் ஒவ்வொரு முறை நுழைவதும் ஒரு சுற்று.

- 160, 80 மீட்டர்: இரண்டு எஃப்டி240-31 வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி 13 அல்லது 14 சுற்று.
- 40 முதல் 20 மீட்டர்: ஒரு எஃப்டி240-31 அல்லது எஃப்டி240-43, 11 அல்லது 12 சுற்று.
- 17 முதல் 10 மீட்டர்: எஃப்டி240-43 என்றால் 8 அல்லது 9 சுற்று. எஃப்டி240-52 என்றால் 11 அல்லது 12.

அதிகம் சுற்றினால் எல்லாப் பேண்டிலும் அதிகம் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் கூடக்கூடத் தடையின் உச்சம் தாழ்ந்த அலைவெண் பக்கம் நகரும். 80 மீட்டருக்கு அருமையாக இருக்கும் சோக் 10 மீட்டரில் சோர்ந்துபோவது இதனால்தான். 80 முதல் 10 வரை ஒரே ஆன்டெனா என்றால், தாழ்ந்த பேண்டுக்கு ஒன்றும் உயர்ந்த பேண்டுக்கு ஒன்றுமாக இரண்டு சோக்குகளைத் தொடராகப் போடுவதே உறுதியான வழி.

சுற்றும் முறை

1. ஒற்றை வளையத்துக்கு 12 சுற்று என்றால் 1.2 மீட்டர் கேபிள் வெட்டுங்கள். ஒரு சுற்றுக்கு ஏழு சென்டிமீட்டர் சொச்சம், இரு முனைக்கும் 15 சென்டிமீட்டர் வீதம் அதில் அடக்கம். இரட்டை வளையத்தில் 14 சுற்றுக்கு 1.7 மீட்டர் வேண்டும்.
2. வளையத்தின் விளிம்புகளைக் கண்ணாடியிழை டேப்பால் ஒரு சுற்று மூடுங்கள். ஃபெரைட்டின் ஓரம் கேபிள் உறையைக் கீறும்.
3. முதல் சுற்றை நைலான் டையால் கட்டி, கேபிளை முறுக்காமல் பக்கம் பக்கமாகச் சுற்றுங்கள். வளையத்தின் மூலையில் கேபிளை இறுக்கி மடிக்காதீர்கள், சற்றே தளர்வாக வளைய விடுங்கள்.
4. பாதிச் சுற்று முடிந்ததும் கேபிளை வளையத்தின் நடுவே குறுக்காகக் கடத்தி, எதிர்ப்பக்கத்தில் அதே சுழற்சித் திசையில் மீதியைச் சுற்றலாம். ரைசர்ட் பெயரில் வழங்கும் இந்த முறையின் நன்மை, தொடக்க முனையும் முடிவு முனையும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைவதுதான். தடை இதனால் பெரிதாக ஏறுவதில்லை. குறுக்கே கடந்த பின் திசை மாறிவிட்டால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால் இங்கே கவனம் தேவை.
5. உள்ளே செல்லும் கேபிளும் வெளியே வரும் கேபிளும் அருகருகே ஓடக் கூடாது. அவற்றுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் சோக்கைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியாகிவிடும். உலோகப் பெட்டியும் வேண்டாம். இரு கனெக்டர்களின் உடலும் அதில் ஒன்றாகி, சோக் முழுவதுமாகக் குறுக்கிணைப்பாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டியே சரி.

நுரை இன்சுலேஷன் கொண்ட ஆர்ஜி-8எக்ஸ் போன்ற கேபிளை வளையத்தில் சுற்ற வேண்டாம். சூடும் வளைவும் சேர்ந்தால் நடுக்கம்பி மெல்ல நகர்ந்து ஷீல்டைத் தொட்டுவிடும். 100 வாட்டுக்கு டெஃப்லான் உள்ள ஆர்ஜி-316 போதும். அதற்கு மேலான பவருக்கு ஆர்ஜி-400 நல்லது.

மேலே ஏற்றுமுன் அளந்து பாருங்கள்

நானோவிஎன்ஏ (கையடக்க ஆர்எஃப் அளவுக் கருவி) இருந்தால் கால் மணி நேர வேலை. எஸ்21 முறையில் (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாம் போர்ட்டுக்குக் கடந்து போவதை அளப்பது) த்ரூ கேலிபிரேஷன் செய்யுங்கள். சோக்கின் ஒரு முனையில் ஷீல்டை முதல் போர்ட்டின் நடு ஊசியோடும், மறுமுனையின் ஷீல்டை இரண்டாம் போர்ட்டின் நடு ஊசியோடும் இணையுங்கள். இரு போர்ட்டுகளின் வெளிப்பாகங்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பியை இரு முனையிலும் ஷீல்டோடு சேர்த்துவிடுங்கள்.

திரையில் தெரியும் இழப்பை இப்படி வாசியுங்கள்: 500 ஓம் தடைக்கு சுமார் 15.6 டெசிபல், 1000-க்கு 20.8, 2000-க்கு 26.4, 5000-க்கு 34. இவை தடை ரெசிஸ்டிவ் என்ற கணக்கில். இணைப்புக் கம்பிகள் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அளவிடும் அமைப்பிலேயே வெறும் 1 பைக்கோஃபேரட் இருந்தால் 28 மெகாஹெர்ட்ஸில் அது 5700 ஓம் குறுக்குவழி, நல்ல சோக்கையும் மட்டமாகக் காட்டிவிடும். எஸ்11-ஐக் (ஒரே போர்ட்டுக்குத் திரும்பி வருவதை அளப்பது) கொண்டு இதை அளப்பவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான ஓம்களில் அந்த முறை தடுமாறும் என்பதால் எஸ்21-ஐயே பயன்படுத்துங்கள்.

எங்கே போடுவது

சமச்சீர் டைபோலுக்கு ஃபீட் பாயிண்ட்டிலேயே முதல் சோக். இரண்டாவது சோக், கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில், எர்த் தகட்டுக்கு ஆன்டெனா பக்கமாக. வீட்டு இரைச்சலை எர்த் தகடு கீழே இழுத்துக்கொள்ளும், மீதி மேலே ஏறாமல் சோக் தடுக்கும். மின்னல் பாதுகாப்புக்கான எர்த்தும் அரெஸ்டரும் தனி வேலை. சோக் எதையும் அங்கே ஈடு செய்யாது.

எண்ட் ஃபெட் (ஒரு முனையில் ஃபீட் செய்யும்) ஆன்டெனாவில் நிலைமை வேறு. 49:1 டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் முனைக்கு எதிர்க்கம்பி ஏதாவது தேவை. தனியாக ஒன்று இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்புறமே அந்த வேலையைச் செய்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டியே சோக்கைப் போட்டால் எதிர்க்கம்பி இல்லாமல் போய் டியூனிங் கெடும். அலைநீளத்தில் 0.05 பங்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு சுமார் 2 மீட்டர் கம்பியை எர்த் முனையில் கட்டித் தொங்கவிட்ட பிறகு சோக்கைப் போடுங்கள். அல்லது கோஆக்ஸின் முதல் 2 மீட்டரை எதிர்க்கம்பியாக ஏற்று, அதற்கு அப்பால் சோக்கை வையுங்கள்.

மூன்றில் ஒரு பங்கில் ஃபீட் செய்யும் டைபோல்தான் சோக்கை அதிகம் சோதிக்கும். கைகளின் நீளம் சமமில்லாததால் காமன் மோட் அழுத்தம் அங்கே இயல்பாகவே பெரிது. 4:1 வோல்டேஜ் பாலன் மட்டும் போட்டால் அடங்காது. இரண்டு வளையங்களில் செய்த 4:1 கரண்ட் பாலனும் அதற்குக் கீழே தனி 1:1 சோக்கும் வையுங்கள். எஃப்டி8 போல டிரான்ஸ்மிட் செய்யும் நேரம் முழுக்க முழுப் பவர் போகும் மோடில் முதல் சில நிமிடங்களுக்குப் பின் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் தடை போதவில்லை. 31, 43 கலவைகள் 130 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் காந்தத்தன்மையையே இழக்கக்கூடும். அந்தக் கணத்தில் சோக் காணாமல்போய், எஸ்டபிள்யூஆர் திடீரென்று துள்ளும்.

கால் அலை வெர்டிகலில் (செங்குத்து ஆன்டெனாவில்) சோக்கை அடிமுனையில் போட்டதும் எஸ்டபிள்யூஆர் ஏறினால் திகைக்க வேண்டாம். அதுவரை கோஆக்ஸின் வெளிப்புறம் ஒரு ரேடியலாக (ஆன்டெனாவின் அடியிலிருந்து விரியும் கம்பியாக) உழைத்துக்கொண்டிருந்தது. முன்பு பார்த்த அழகான எண் அந்தத் திருட்டு ரேடியலையும் சேர்த்தது. சோக்கை எடுத்துவிடாதீர்கள். ரேடியல்களைக் கூட்டி, ஆன்டெனாவை மறுபடி டியூன் செய்யுங்கள். டைபோலிலும் இதேதான்: சோக்குக்குப் பின் ரெசனன்ஸ் நகர்ந்தால் இப்போது தெரிவதுதான் ஆன்டெனாவின் உண்மையான நீளம்.

மின்னோட்டத்தை நேரடியாகப் பார்க்கும் மீட்டர்

இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பது. 43 அல்லது 31 கலவைக் கவ்வி ஃபெரைட் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பாதியில் மெல்லிய எனாமல் கம்பியை 10 சுற்று சுற்றுங்கள். இரு முனைக்கும் குறுக்கே 50 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். கம்பிச்சுற்று ரெசிஸ்டர் கூடாது, கார்பன் அல்லது மெட்டல் ஃபிலிம் போடுங்கள். அதிலிருந்து ஒரு 1என்5711 ஷாட்கி டயோடு, 10 நானோஃபேரட் கெப்பாசிட்டர், அதன் குறுக்கே டிஜிட்டல் மல்டிமீட்டர். கவ்வியைக் கோஆக்ஸ் முழுவதையும் சுற்றி மூடினால், உள்ளே ஓடும் சமநிலை மின்னோட்டங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ள, வெளிப்பரப்பு மின்னோட்டம் மட்டும் மீட்டரில் தெரியும்.

ஒரு ஆம்பியருக்கு ரெசிஸ்டரில் 5 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது உச்சம் சுமார் 7 வோல்ட். அதில் டயோடு எடுத்துக்கொள்ளும் சிறு இழப்பைக் கழியுங்கள். சரிபார்க்க, டம்மி லோடுக்குப் போகும் நடுக்கம்பியை மட்டும் கவ்விக்குள் விட்டு 10 வாட் கொடுங்கள். 0.45 ஆம்பியருக்கு மீட்டர் 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும்.

100 வாட்டில், 50 ஓம் ஃபீட் பாயிண்ட்டில் ஆன்டெனாவுக்குப் போவது 1.41 ஆம்பியர். கோஆக்ஸின் வெளிப்புறத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.14 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் ஆன்டெனா ஒழுங்காக இருக்கிறது. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிப்பரப்பில் நிலையலை இருப்பதால், கவ்வியை ஒவ்வொரு மீட்டராக நகர்த்திக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேண்டிலும் இதைச் செய்யுங்கள். சோக்குக்குக் கீழே, கால் அலை தள்ளி மின்னோட்டம் மறுபடி தலைதூக்கினால் அங்கே இன்னொரு சோக்குக்கு இடம் இருக்கிறது.

ரிசீவர் இரைச்சலுக்கு ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சரிந்தால் மூலம் உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அதன் மின்கம்பியையே எஃப்டி240-31-இல் 7 முதல் 10 சுற்று சுற்றுங்கள். யுஎஸ்பி கேபிளுக்கும் 31 கலவை, 5 முதல் 7 சுற்று.

மழைக்கும் எடைக்கும்

கேபிளின் எடையைச் சோக்கின் கனெக்டர் சுமக்கக் கூடாது. பெட்டிக்கு மேலே கயிறு கட்டி இழுவிசையை அதில் இறக்குங்கள். பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் வியர்க்கும், அது வடிய வழி வேண்டும். கனெக்டர்கள் மீது தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை நீட்டிச் சுற்றி, அதன் மேல் சாதாரண பிவிசி டேப். வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கிப் பிரித்துப் பாருங்கள். ஷீல்டின் பின்னல் கறுத்திருந்தால் கேபிளுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போட்டு, மறுபடி கவ்வி மீட்டரை மாட்டி எண்களைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள்.